வேலைவாய்ப்புப் பிரிவின் டை

இன்று காலை பத்தே கால் மணிக்கு, சாதக பாதகங்களை இரண்டு நாள் எடைபோட்டுப் பார்த்த பிறகு, கல்லூரி வேலைவாய்ப்புப் பிரிவின் டையைத் துவைப்பதில்லை என்று முடிவு செய்தேன். முடிவைப் பதிவேட்டில் எழுதி, தேதி போட்டு, கையெழுத்திட்டு, பிரிவின் முத்திரையையும் குத்தினேன். இந்தப் பிரிவில் முடிவெடுக்கும் அதிகாரம் உள்ளவன் நான் ஒருவன்தான். அதை நிறைவேற்ற வேண்டியவனும் நானே என்பதால் எதிர்ப்பு எதுவும் எழவில்லை.

துவைக்கலாம் என்ற யோசனை அலுவலக உதவியாளர் சண்முகத்தினுடையது. டையை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "சார், நாத்தம் கொடலப் புடுங்குது. சோப்புத் தண்ணில ஒரு முக்கு முக்குனா நாளைக்கு இன்டர்வியூக்குப் பளிச்சுன்னு இருக்கும்லா" என்றார். அவர் சொன்னதில் தவறில்லை. முகப்பவுடர், தேங்காயெண்ணெய், திருச்செந்தூர் பேருந்தில் நின்றுகொண்டே வந்தவர்களின் வியர்வை, இவற்றோடு பதினேழு வருடத்துப் பயமும் அதில் ஊறியிருக்கிறது. பயத்துக்கு வாசனை உண்டு என்பதை நான் இந்தப் பணியில்தான் கற்றுக்கொண்டேன்.

ஆனால் துவைக்க வேண்டுமென்றால் முடிச்சை அவிழ்க்க வேண்டும். அவிழ்த்தால் திரும்பப் போட எனக்குத் தெரியாது. சண்முகத்துக்கும் தெரியாது. அந்த முடிச்சு நீ போட்டது. நீ போய் எட்டு மாதம் ஆகிறது. உன் கை கட்டி, இன்னும் அவிழாமல் என்னிடம் இருப்பது அது ஒன்றுதான்.

நாளை நடக்கப்போவது இந்தப் பிரிவின் கடைசி நேர்காணல். மாதக் கடைசியோடு பிரிவை மூடுகிறார்கள். இனிமேல் மாணவர்களை வேலைக்குத் தகுதியாக்கும் பொறுப்பைக் கைப்பேசியில் ஒரு செயலி ஏற்றுக்கொள்ளும் என்று நிர்வாகம் முடிவு செய்திருக்கிறது. செயலிக்கு அறை வேண்டாம், மின்விசிறி வேண்டாம், தற்செயல் விடுப்பும் வேண்டாம். என் அறையில் மாணவர் சேர்க்கை ஆலோசனை மையம் வருகிறது. பிரிவை மூடுவதால் எத்தனை பேருக்கு வேலை போகும் என்று கல்லூரிச் செயலாளரிடம் கேட்டேன். "அதிகமில்ல சார், ஒருத்தர்தான்" என்றார், மிக ஆறுதலான குரலில். அந்த ஒருத்தர் எதிரே உட்கார்ந்திருப்பதை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை. பதினேழு வருடமாக மற்றவர்களை வேலைக்குத் தகுதியானவர்களாக ஆக்கிக்கொண்டிருந்தவன் எந்த வேலைக்குத் தகுதியானவன் என்பது இனிமேல்தான் தெரியவேண்டும். வயது நாற்பத்தெட்டு. ஒப்பந்தப் பணி. வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

உனக்கு நினைவிருக்கும். நாம் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பொருளாதாரம் படித்தோம். வேலையின்மை ஐந்து வகைப்படும் என்று ஒரு பாடம் இருந்தது. நான் ஐந்தையும் உதாரணத்தோடு எழுதி முதல் வகுப்பு வாங்கினேன். நீ அந்தத் தாளில் தோற்றாய். திரும்ப எழுதியும் தோற்றாய். பிறகு எழுதவே போகவில்லை. "ஒன்ன மாதிரி அஞ்சையும் நெஞ்சுல வச்சிக்கிட்டு அலைய எனக்குத் தெம்பு இல்லலே" என்று சொல்லிவிட்டு, கப்பல்களுக்குச் சாமான் போடும் உன் மாமாவின் கிட்டங்கியில் உருளைக்கிழங்கு மூட்டை இறக்கப் போனாய். அதன்பிறகு நான் பட்ட மேற்படிப்பும் முடித்து, அந்த ஐந்து வகைகளிலும் வரிசையாகச் செய்முறைப் பயிற்சி பெற்றேன். அந்தப் பாடம் தெரியாதவனாகவே நீ கடைசிவரை இருந்துவிட்டாய்.

அந்த நாட்களில் என் பையில் எப்போதும் தன்விவரக் குறிப்பின் பத்துப் பிரதிகள் இருக்கும். "சவால் நிறைந்த சூழலில் பணியாற்றி, நிறுவனத்தின் வளர்ச்சிக்கும் என் வளர்ச்சிக்கும் பாடுபடுவதே என் குறிக்கோள்" என்பது அதன் முதல் வரி. கிட்டங்கி வாசலில் தராசில் சாய்ந்துகொண்டு அதை நீ சத்தமாகப் படித்தாய்.

"சவால்தான வேணும்? ஆலந்தலைக்கு வந்து எங்க அம்மைட்ட ஒரு நாள் இருலே. வளர்ச்சியும் கெடைக்கும்."

கேலி செய்துவிட்டு, ஒரு பிரதியை மடிக்காமல் வாங்கி, துறைமுகத்துக்குள் போகிற பாஸ் வைத்திருந்த உறைக்குள் செருகிக்கொண்டாய். உனக்குத் தெரிந்த கேப்டன்களிடம் கொடுத்துப் பார்க்கிறேன் என்றாய். உனக்கு அப்போது எந்தக் கேப்டனையும் தெரியாது. கப்பலின் சமையல்காரர்களைத்தான் தெரியும்.

மறுநாள் நீ டிவிஎஸ்ஸில் வந்து இறங்கியபோது உன் முகம் மிகத் தீவிரமாக இருந்தது. "ஏலே, ஒன்ன எடுத்துட்டாம்லே" என்றாய். தாளை நீட்டினாய். முட்டை, வெங்காயம், துடைப்பம் ஆகியவற்றின் ரசீதுகளோடு என் குறிப்பும் கலந்து கேப்டனின் மேசைக்குப் போயிருக்கிறது. கேப்டன் எல்லாவற்றுக்கும் கீழே வரிசையாகக் கையெழுத்துப் போட்டு, கப்பலின் வட்ட முத்திரையைக் குத்தியிருந்தார். என் குறிக்கோளுக்கும் கல்வித்தகுதிக்கும் அடியில், நீல மையில், "நல்ல நிலையில் பெற்றுக்கொள்ளப்பட்டது" என்று ஆங்கிலத்தில் இருந்தது.

"கப்பல் எங்கலே?" என்றேன்.

"கப்பல வெளிய எடுக்குத பைலட் ஏறிட்டான். அது போயிருச்சு. அங்கன பாரு, பொகை தெரியுது."

இருவரும் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றோம். சிரிக்கக்கூடாது என்று நீ லேஞ்சியை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாய். கைக்குட்டை என்று நான் எத்தனையோ முறை திருத்தியும் கடைசிவரை உனக்கு அது லேஞ்சிதான். அந்த வயதில் எனக்கு வந்த மற்றப் பதில்களில் எல்லாம் "வருந்துகிறோம்" என்று இருக்கும். நல்ல நிலையில் இருக்கிறேன் என்று யாரோ கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது அது ஒன்றுதான். கிழித்துப் போடு என்று நீ சொன்னாய். நான் போடவில்லை.

பிறகு எனக்கும் வேலை கிடைத்தது. பத்து வருடம் வேலை தேடிய அனுபவம் உள்ளவர் தேவை என்று விளம்பரத்தில் இல்லைதான். ஆனால் நேர்காணல் செய்தவர் என் அனுபவத்தைக் கேட்டுவிட்டு, வேலை தேடுவதைப் பற்றி இவ்வளவு தெரிந்த ஒருவரைப் பார்த்ததில்லை என்றார். வேலைவாய்ப்பு அலுவலர் ஆனேன். ஓர் அறை, ஒரு மேசை, ஒரு முத்திரை.

முதல் வருடம் சென்னையிலிருந்து ஒரு நிறுவனம் வந்தது. ஆண்கள் டை கட்டியிருக்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். நாற்பது பையன்களுக்கு நாற்பது டை என்பது நிர்வாகத்தின் கற்பனைக்கு அப்பாற்பட்டது. ஒன்று வாங்கித் தந்தார்கள். உள்ளே போகிறவன் கட்டிக்கொள்வது, வெளியே வந்ததும் கழற்றி அடுத்தவனுக்குக் கொடுப்பது என்று நான் ஒரு நடைமுறை வகுத்தேன். வகுத்த பிறகுதான் எனக்கு டை கட்டத் தெரியாது என்பது நினைவுக்கு வந்தது. கல்லூரியில் விசாரித்தேன். முனைவர் பட்டம் பெற்றவர்கள் பதினொரு பேர் இருந்தார்கள். ஒருவருக்கும் தெரியவில்லை.

உன்னைக் கூப்பிட்டேன். வெங்காய வாசனையோடு வந்தாய். டையை வாங்கி, கழுத்தில் போட்டுப் பார்க்காமல், முட்டியை மடக்கி அதன்மேல் சுற்றினாய். இரண்டு திருப்பு, ஒரு இழுப்பு. பல்லால் கடித்து நுனியை இறுக்கினாய். "இந்தா. இனி ஒன் ஆயுசுக்கும் அவுராது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாய்.

சொன்னது உண்மை. அது அவிழவில்லை. இறுகவும் இல்லை, தளரவும் இல்லை. ஒரே அளவில் ஒரு வளையமாக நின்றது. தலைவழியாகப் போட்டு, தலைவழியாகக் கழற்ற வேண்டும். காலருக்கு இரண்டு விரல் கீழே, மாலை போலத் தொங்கும். தலை பெரிதானவர்களுக்கு நுழையவே நுழையாது. பெரிய தலை உள்ளவர்களுக்குத் தனியார் துறையில் வாய்ப்புக் குறைவு என்பது எங்கள் பிரிவின் முதல் ஆய்வு முடிவு.

மூன்றாவது வருடம், உங்கள் கரைப்பக்கத்துப் பையன் ஒருவன் அதைக் கையில் வாங்கியதும் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "சார், இது எங்கப்பா நங்கூரக் கயித்துல போடுத முடிச்சு சார்" என்றான். அன்று மாலையே உன்னிடம் வந்து கேட்டேன்.

"டை கட்டத் தெரியும்னுதான வந்த?"

"தெரியும்னு நான் எப்பம்லே சொன்னேன்? கட்டிருவோம்னுதான் சொன்னேன். கேட்டுட்டு வரலாம்னா நீ கால்ல வெந்நி ஊத்துன மாதிரி நிக்க."

"மூணு வருசமா எம் பிள்ளைங்க நங்கூரத்தக் கட்டிக்கிட்டுல்லா இன்டர்வியூக்குப் போயிருக்காங்க."

"அதான் ஒருத்தனும் நகரல போலுக்கு" என்றாய்.

உண்மையாகவே ஒருவனும் நகரவில்லை. மதுரையிலிருந்து பயிற்சியாளர் ஒருவரை வரவழைத்துக் கைகுலுக்கப் பழக்கினேன், புன்னகைக்கப் பழக்கினேன். உங்கள் பலவீனம் என்ன என்று கேட்டால், "எடுத்த வேலையை முடிக்காமல் எனக்குத் தூக்கம் வராது" என்று சொல்ல வேண்டும் எனச் சொல்லிக் கொடுத்தேன். நாற்பது பேரும் தங்கள் பலவீனமாக அதையே சொன்னார்கள். அதைக் கேள்விப்பட்ட நீ, "இத்தன பேரும் தூங்காம இருந்தா ஆர்பருக்குக் காவல் எதுக்கு?" என்று கேட்டாய். எல்லாவற்றுக்கும் மேலே நான் வகுத்த ஒரு விதி இருந்தது. எந்தக் கேள்விக்கும் தெரியாது என்று மட்டும் சொல்லக்கூடாது. அது பலகையிலேயே எழுதிப் போட்டிருந்தது.

நான்காவது வருடம்தான் நான் உன்னிடம் அந்தக் காரியத்துக்காக வந்தேன். அதை இன்று எழுதுவதற்கும் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. அந்த வருடமும் யாருக்கும் வேலை கிடைக்கவில்லை. கல்லூரியின் துண்டறிக்கையில் "நூறு சதவீத வேலைவாய்ப்பு உதவி" என்று அச்சிட்டிருந்தார்கள். உதவி என்ற சொல் மட்டும் எறும்பு படிக்கும் அளவில் இருக்கும். இந்த வருடமும் கணக்கு பூஜ்யம் என்றால் பிரிவு எதற்கு என்று செயலாளர் கேட்டுவிட்டார். என் மகனுக்கு அப்போது மூன்று வயது. உன் மாமா காலமாகி, கிட்டங்கி உன் கைக்கு வந்திருந்தது. நீயே முதலாளி. வந்து உட்கார்ந்து, சுற்றி வளைக்காமல் கேட்டேன்: இருபது பேருக்கு வேலை தருவதாக இருபது கடிதம் வேண்டும்.

"ஏங்கிட்ட இருவது பேருக்கு வேலை இல்லையே."

"வேலை வேண்டாம்லே. கடுதாசி போதும். வெறும் தாள்தான."

"வெறும் தாளுன்னா நீயே எழுதிக்கிட வேண்டியதான?"

"ஒன் லெட்டர்பேடு வேணும்."

"அதுல கப்பல் படம் போட்டிருக்குலே. கப்பலுக்குக் கீழ பொய் எழுதுனேன்னு தெரிஞ்சா எங்க அம்மை சோறு போடமாட்டா."

நான் கோபப்பட்டேன். என் வேலை போய்விடும் என்று கத்தினேன் என்று நினைக்கிறேன். நீ தராசுக் கல்லை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, என்னைவிடச் சின்னக் குரலில் பேசினாய்.

"ஒன் வேல போனா ஒனக்குக் கஷ்டம், சரி. அந்த இருவது பிள்ளேளும் கடுதாசியத் தூக்கிக்கிட்டு, குளிச்சு முழுகி, நாளைக்குக் காலைல இங்கன வந்து வரிசையா நிப்பாங்கலே. அவங்கட்ட நான் என்ன சொல்லுவேன்?"

கடிதம் வாங்குகிறவர்கள் அதை நம்புவார்கள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. பத்து வருடம் கடிதங்களுக்காகக் காத்திருந்தவன் நான். எனக்கல்லவா அது முதலில் தோன்றியிருக்க வேண்டும்.

இரண்டு நாள் உன்னிடம் பேசவில்லை. மூன்றாம் நாள் நீயே கல்லூரிக்கு வந்தாய். உனக்கு உண்மையாகவே இரண்டு ஆள் வேண்டும், நேர்காணல் வை என்றாய். "டை வேண்டாம், எனக்கு நங்கூரத்தப் பாத்தா சிரிப்பு வந்துரும்" என்றும் சொன்னாய்.

எட்டுப் பேரைத் தேர்ந்தெடுத்துக் கிட்டங்கிக்கு அழைத்து வந்தேன். வெங்காய மூட்டைகளுக்கு நடுவே ஒரு நாற்காலி. நான் ஓரமாக உட்கார்ந்து மதிப்பீட்டுப் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன். நீ ஒவ்வொருவரிடமும் ஒரு தாளை நீட்டினாய். பிலிப்பைன்ஸ் சமையல்காரர் ஒருவர் எழுதிக் கொடுத்த சாமான் பட்டியல். அரிசி, முட்டை, கோழி, டார்ச் செல், தரை துடைக்கும் துணி. பன்னிரண்டாவது வரியில், "சாயோட்டே, முப்பது கிலோ."

"நாளைக்குக் காலைல எட்டு மணிக்குக் கப்பல் போவுது. அதுக்குள்ள இதெல்லாம் ஏத்தணும். பன்னெண்டாவது என்னது, எங்க வாங்குவ?"

முதல் பையன், அது ஒரு முன்னணி ஜப்பானிய நிறுவனத்தின் தயாரிப்பு என்றான். இரண்டாமவன், எஞ்சினுக்குப் போடும் கிரீஸ், சித்தப்பாவின் பட்டறையில் பார்த்திருக்கிறேன் என்றான். மூன்றாமவன், "அதைக் குறித்த நேரத்தில் திறமையாக சப்ளை செய்வேன் சார்" என்றான்.

"எத?"

"சாயோட்டேய சார்."

"எங்கேருந்துப்பா?"

"தரமான இடத்துலேர்ந்து சார்."

மூவருக்கும் நான் தன்னம்பிக்கை என்ற கட்டத்தில் "மிக நன்று" என்று எழுதினேன். ஏழாவதாக வந்தவள் சாயர்புரத்துப் பெண், ஜெபசெல்வி. பி.காம். கூச்சம் அதிகம். பட்டியலை விரலால் தொட்டுத் தொட்டு முழுதும் படித்தாள்.

"பன்னெண்டாவது என்னன்னு எனக்குத் தெரியல அண்ணாச்சி."

நான் படிவத்துக்குப் பின்னால் தலையில் அடித்துக்கொண்டேன்.

"அப்பம் என்ன செய்வ?"

"கேட்டுட்டு வாரேன்."

"யாருட்டளா?"

"எழுதுனவங்கட்டதான். கப்பல் இன்னும் போகலைல்லா?"

நான் படிவத்தில், "தன்னம்பிக்கை குறைவு. மேலும் பயிற்சி தேவை" என்று எழுதினேன். நீ அவளைத் திங்கட்கிழமை வரச் சொன்னாய். அவளுக்கு அடுத்து வந்த பையனும், அவள் தப்பித்ததைக் கதவோரம் நின்று கேட்டிருப்பான் போல, தெரியாது என்றான். அவனையும் வரச் சொன்னாய். எல்லோரும் போன பிறகு தாளை என் பக்கம் தள்ளினாய்.

"நீ சொல்லு. ரெண்டு பட்டம் வாங்குனவன்லா. சாயோட்டேன்னா என்னது?"

"இத்தாலியில சாப்பிடுற ஒரு பாலாடைக்கட்டி" என்றேன். ஒரு விநாடிகூடத் தயங்கவில்லை. அவ்வளவு நல்ல பயிற்சி எனக்கு.

"சௌசௌலே. மத்தியானம் ஒங்க கேன்டீன் சாம்பார்ல மெதந்துச்சே, அது. ஒன்னையும் நான் எடுக்க மாட்டேன்."

பிறகு நீயே உன் கதையைச் சொன்னாய். தொழிலுக்கு வந்த முதல் வருடம் இதே பெயரை ஒரு பட்டியலில் பார்த்திருக்கிறாய். பச்சையாக இருக்கும், உள்ளே வெள்ளையாக இருக்கும் என்று சமையல்காரர் கையைக் காட்டி விளக்கியிருக்கிறார். தெரியும் தெரியும் என்று தலையாட்டிவிட்டு, முப்பது கிலோ கொய்யாக்காய் ஏற்றி அனுப்பிவிட்டாய். அடுத்த துறைமுகம் வரைக்கும் அந்தக் கப்பலில் கொய்யா சூப். "கடைன்னா மறுநாள் கொண்டுவந்து மூஞ்சில எறிவான். கப்பல் போயிரும்லே. அங்கன ஒருத்தன் நம்மளத் திட்டிக்கிட்டே சாப்பிடுதாம்னு தெரிஞ்சிக்கிட்டே நாம இங்கன இருக்கணும்." சொல்லிவிட்டு, தெரியாது என்று சொல்கிறவளை நம்பித்தான் கிட்டங்கிச் சாவியைக் கொடுக்க முடியும் என்றாய்.

அந்த வருடம் என் கணக்கு இரண்டு. துண்டறிக்கையில் "கப்பல் துறையில் நம் மாணவர்கள்" என்று ஒரு பெரிய கப்பல் படத்தோடு போட்டார்கள். பிரிவு பிழைத்தது. நானும் பிழைத்தேன். அதற்கு அடுத்த ஒவ்வொரு வருடமும் நீ வந்தாய். சில வருடம் ஒருவர், சில வருடம் இருவர். ஆள் தேவையில்லாத வருடங்களில், சரக்குக்குச் சுங்க வேலை முடித்துத் தரும், உனக்குத் தெரிந்த கிளியரிங் ஏஜென்ட் அலுவலகங்களில் ஏறி இறங்கி, "தெரியாதுன்னு சொல்லத் தெரிஞ்ச பிள்ளேள் இருக்கு" என்று சொல்லி யாரையாவது கூட்டி வருவாய். பதிமூன்று வருடம் என் சம்பளம் வந்தது இப்படித்தான். இதை நான் உன்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. சொன்னால் உன் லேஞ்சியை எடுத்துவிடுவாய்.

நான் செய்த முட்டாள்தனம் ஒன்றையும் சொல்ல வேண்டும். உனக்குத் தெரிந்ததுதான் என்றாலும் அதைக் கேட்டு நீ சிரித்தது எனக்கு இன்னும் வேண்டியிருக்கிறது. கிட்டங்கி நேர்காணலுக்குப் பிறகு பலகையில் இருந்த பழைய விதியை அழித்துவிட்டு, "தெரியாது, கேட்டுவிட்டு வருகிறேன்" என்று எழுதிப் போட்டேன். நாற்பது பேரையும் உரக்கச் சொல்லிப் பழக வைத்தேன். அடுத்த மாதம் சென்னை நிறுவனம் வந்தது. முதல் மாணவனிடம், உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்டார்கள். அவன் கம்பீரமாக, "தெரியாது சார், கேட்டுவிட்டு வருகிறேன்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, டையைக் கழற்றி அடுத்தவன் கையில் கொடுத்தான். அவனும் அதையே சொன்னான். அந்த நிறுவனம் பிறகு வரவில்லை. இதைச் சொன்னபோது நீ குடித்துக்கொண்டிருந்த டீ மூக்கு வழியாக வந்தது. மூச்சு வாங்கி முடித்ததும், "ஏலே, நீ நல்லதையும் மனப்பாடம் பண்ண வச்சிருவ" என்றாய். பலகையை அன்றே கழற்றினேன்.

கடைசியாக உன்னை ஆலந்தலையில் உன் வீட்டில் பார்த்தேன். கால் இரண்டும் வீங்கி, நாற்காலியில் நீட்டி வைத்திருந்தாய். மதினி இருவருக்கும் சர்க்கரை இல்லாத டீ கொண்டுவந்தாள். உனக்கு ஆகாது என்றால் எனக்கும் கிடையாது என்பது அந்த வீட்டு வழக்கம். ஜெபசெல்வி பக்கத்தில் நின்று அன்றைய பட்டியல்களைப் படித்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு வருடமாகச் சாவி அவளிடம்தான். கல்லூரியில் செயலி வரப்போகிறது என்ற பேச்சு அப்போதே இருந்தது. உன்னிடம் சொன்னேன்.

"மூடுனா மூடட்டும். நேரா இங்கன வா" என்றாய். நான் நன்றி சொல்ல வாயெடுப்பதற்குள், "ஆனா இன்டர்வியூ உண்டு. சிபாரிசு கெடையாது. இந்தப் பிள்ளதான் கேப்பா" என்று அவளைக் காட்டினாய்.

"சாருக்குக் கஷ்டமான லிஸ்டா எடுத்து வைக்கேன் அண்ணாச்சி" என்றாள் அவள், சிரிக்காமல்.

"டைய மட்டும் போட்டுப் பாக்காதலே. ஒன் மண்டைக்கு நுழையாது" என்றாய்.

உன் அடக்கத்துக்கு உன்னிடம் வேலை பார்த்தவர்கள் வந்திருந்தார்கள். உன்னிடம் வேலை கிடைக்காமல் போய், வேறு இடங்களில் வேலை பார்ப்பவர்களும் வந்திருந்தார்கள். இரண்டாவது கூட்டம்தான் பெரிது. ஜப்பானிய நிறுவனம் என்று சொன்ன பையனும் நின்றான். இப்போது ஒரு கிளியரிங் அலுவலகத்தில் மேலாளர். அங்கே அவனைச் சேர்த்துவிட்டது நீதான் என்று அன்றுதான் என்னிடம் சொன்னான். யாரிடமும் சொல்லாதே என்று நீ சொல்லியிருந்தாயாம்.

இப்போது மாலை ஐந்து மணி. சண்முகம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். நாளைய நேர்காணலுக்கு வருகிற ஒரே நிறுவனம் உன்னுடையது. கேள்வி கேட்கப்போகிறவள் ஜெபசெல்வி. மதினியும் வந்து உட்காருவாளாம்; நீ வேண்டாம் என்ற டையை இந்தக் கடைசி முறை பையன்கள் கட்டட்டும் என்றாளாம். அறிவிப்பில் வயது வரம்பு இல்லை. நீ எழுதிய பழைய அறிவிப்பையே எடுத்துத் தேதியை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். மத்தியானம் அவளைத் தொலைபேசியில் கூப்பிட்டு, வயது வரம்பு நிஜமாகவே இல்லையா என்று கேட்டேன். யாருக்காகக் கேட்கிறேன் என்று அவள் கேட்கவில்லை. "இல்ல சார். ஆனா லிஸ்ட் எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்றாள். பட்டியலில் இந்த முறை என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அதைச் சொல்ல இப்போது எனக்கு யாரும் எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை. உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்த ஒரு வார்த்தையும் இந்த ஒரு முடிச்சும்தான். முதலாவதைக் கற்றுக்கொள்ள நான்கு வருடமும் எட்டு மாணவர்களும் ஒரு பாலாடைக்கட்டியும் தேவைப்பட்டன. இரண்டாவதை இன்னும் கற்றுக்கொள்ளவில்லை.

என்னுடையதையும் சேர்த்து மொத்தம் முப்பத்தொன்பது மனுக்கள். பெண்கள் பதினைந்து, ஆண்கள் இருபத்து நான்கு. அகரவரிசையில் அடுக்கிவிட்டு, என்னுடையதைக் கடைசியில் வைத்தேன். அதனோடு புதிதாக எதுவும் எழுதி இணைக்கவில்லை. கப்பல் முத்திரை குத்திய அந்தப் பழைய தாளையே வைத்திருக்கிறேன். பிறகு டையை எடுத்து ஒருமுறை போட்டுப் பார்த்தேன். காதுக்கு மேலே நின்றுவிட்டது.

நாளை அது இருபத்து மூன்று பேருக்குத்தான்.